அரைத்தட்டு முந்தி

ஒரே உருப்படி. வார்த்தை கிடையாது.
'லாஸ்ட் ஃபெரி' என்று பெயர்.
என் போனில் ஏழு பதிவுகள் இருக்கின்றன.
பாம்பன் ஐஸ் கம்பெனியில் இரவு ஷிஃப்ட்;
பார்களை எண்ணி லாரிக்கு அனுப்பிய நேரம் போக
ஒரு காதில் கம்ப்ரசர், மறு காதில் இது.

முதல் பதிவு முப்பத்தெட்டாம் வருடம்.
அரக்குத் தட்டு, மூன்றே நிமிடம்.
மீன் பொரிகிற இரைச்சலுக்கு அடியில்
நான்கு சாக்ஸபோன்கள் ஒரே மூச்சில் திரும்பும்.
தாளம் நேராக நடக்காது:
மணலில் ஒரு கால் புதைய
மறு கால் எட்டிப் போடுகிற நடை.
நடுவில் எல்லாரும் சட்டென்று நிறுத்த,
டிராம்போன் நான்கு தட்டு பொறுத்து
தனியாக வரும்.
பொறுத்து.

அடுத்த வருடம் அதே கூட்டம், வேறு ஊர், ஒரு நடன அரங்கு.
அதே ஆள் அரைத்தட்டு முந்திவிட்டான்.
யாரோ சிரிப்பது கேட்கிறது.
திருப்பி எடுக்க மெழுகு இல்லையோ, நேரம் இல்லையோ,
விற்றது அந்தத் தட்டுதான்.

தனுஷ்கோடி கஸ்டம்ஸ் ஏலத்தில்
எடைக்கு எடுத்த பெட்டியிலும் அதுவே இருந்திருக்கிறது.
தங்கச்சிமடம் பேண்டுக்காரர்கள்
காதால் கேட்டு எழுதிய நோட்டில்
அந்தத் தடுமாற்றத்துக்கும் ஒரு புள்ளி உண்டு,
சிவப்பு மையில்.

ஐம்பத்தேழில் ஸ்டீரியோ. மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, வேகம் பாதி.
எண்பத்தொன்றில் கல்லூரிப் பிள்ளைகள், பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல்.
எல்லோரும் முந்துகிறார்கள்,
பயிற்சி எடுத்து, பிசகாமல், அதே அரைத்தட்டு.

இதை ஜெர்வாஸிடம் சொன்னேன்.
டிராம்போனைக் கவிழ்த்து எச்சில் வடித்துக்கொண்டே சொன்னார்:
"இருக்கட்டும். இப்ப நேரா வாசிச்சாதான் தப்பு."

நாற்பத்து நான்கைப் பற்றிச் சொல்லவில்லையே.
டிராம்போன்காரனைப் போருக்குக் கூட்டிப் போய்விட்டார்கள்.
அவன் இடத்தை கிளாரினெட் நிரப்பியது.
அவ்வளவு சுத்தம். ஒட்டுப் போட்டதே தெரியாது.
நல்ல பதிவு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்,
ஜூன் வரை.

தடைக்காலம் முடிந்து முதல் டோக்கன்.
நெடுந்தீவுப் பக்கம் என்றார்கள், எல்லையில் என்றார்கள்,
படகோடு ஆறு பேர்.
யாழ்ப்பாணம் ஜெயில்.
டிராம்போன் வீட்டில், அலமாரி மேல், உறையில்.

வேர்க்காட்டில் சந்தியாகப்பர் கொடி ஏறியது.
எமரீத் மாஸ்டர் வாசலில் நின்று கேட்டார்,
"இந்த வருசம் அத விட்டுருவமாம்மா?"
வாசியுங்கள் என்றேன்.
கிளாரினெட் பையன் பின்னாலிருந்து
"அண்ணன் பீஸ நான் எடுத்துக்கவா?" என்றான்.
நல்ல பையன். கெட்டிக்காரன்.
வேண்டாம் என்று சொல்ல எனக்குக் குரல் பெரிதாக வந்துவிட்டது.

தேர் நின்ற இடத்தில் வாசித்தார்கள்.
டிரம்பெட் வாயில் சிரட்டையை மூடி மூடித் திறந்தார்கள்.
சாக்ஸபோன் இரண்டுதான், ஒன்றுக்கு ஜலதோஷம்.
நிறுத்தினார்கள்.
நான்கு தட்டு.
அதற்குப் பிறகு அவருடைய பன்னிரண்டு சுற்று.
டிரம்காரர் மட்டும் குச்சியால்
விளிம்பில் எண்ணிக்கொண்டிருந்தார்.
போனைத் தூக்கிப் பிடித்திருந்த கை எனக்கு நடுங்கவில்லை.

பதினாறு விநாடி.
ஜெனரேட்டர். தென்காற்று மைக்கில் மோதுவது.
"ஏன் நிப்பாட்டிட்டாங்க?" என்று ஒரு பிள்ளை.
ஒருத்தி அதன் வாயைப் பொத்துவது.
பிறகு எல்லாரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்,
வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள்.

சேமிக்கும்போது போன் பெயர் கேட்டது.
தேதி மட்டும் போட்டேன்.
எட்டாவது.

வாய்தா பத்தொன்பதாம் தேதி என்கிறார்கள் சங்கத்தில்.
விட்டாலும் விடுவார்களாம்.
பதினெட்டாம் தேதி இரவுக்கு
ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.
அவர் எதற்கும்
அரைத்தட்டு முந்தி வருகிற ஆள்.